பம்பு கெட்டதா? அளந்து பார்ப்போம்!

கோலார் தங்கவயலில் ஒரு குடும்பம். அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. மகன் ஓட்டுநர் ஆனார். இன்று அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுவது ஒரு சிறிய சரக்கு வண்டி. பெட்ரோல் வண்டி. பத்து ஆண்டுக்கு மேல் ஓடிய வண்டி.

அவர் விடியற்காலையில் கோலார் சந்தைக்குப் போவார். தக்காளிப் பெட்டிகளை ஏற்றுவார். பெங்களூருக்குக் கொண்டு போவார். தக்காளி யாருக்காகவும் காத்திருக்காது. நேரத்துக்குப் போனால்தான் விலை. நேரத்துக்குப் போனால்தான் அவருக்கு வாடகை.

ஒரு நாள் வண்டி மக்கர் செய்தது. சமமான ரோட்டில் நன்றாக ஓடியது. மேம்பாலம் ஏறும்போது இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தார். வேகம் கூடவில்லை. வண்டி திக்கித் திக்கி ஏறியது.

வழியில் ஒரு பட்டறையில் காட்டினார். அவர்கள் என்ஜின் சத்தத்தைக் கேட்டார்கள். உடனே சொல்லிவிட்டார்கள்.

"பெட்ரோல் பம்பு போச்சு. புதுசு மாத்தணும். ஆறாயிரம் ரூபாய் ஆகும்."

ஆறாயிரம் ரூபாய்! மகளின் படிப்புக்காகச் சேர்த்து வைத்த பணம் அது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

மனைவி அறிவொளி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். வண்டியின் வரவு செலவுக் கணக்கை அவர்தான் எழுதுகிறார். அவர் கேட்டார்:

"பம்பு கெட்டுப் போச்சுன்னு எப்படித் தெரிஞ்சதுங்க? அளந்து பார்த்தாங்களா?"

"அளக்கிறதா? சத்தத்தை வைச்சே சொல்லிட்டாங்க."

"காய்ச்சல் வந்தாக்கூட டாக்டர் தெர்மாமீட்டர் வைச்சுத்தானே பார்க்கிறார்? வண்டிக்கும் ஏதாவது இருக்கும். ஆண்டர்சன்பேட்டை மேஸ்திரியைக் கேட்டுப் பார்க்கலாம், வாங்க."

இருவரும் போனார்கள். கணக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டார்கள். மேஸ்திரி வயதானவர். பொறுமையாகக் கேட்டார்.

"உன் வீட்டம்மா சொல்றது சரி, தம்பி. பம்பு கெட்டிருக்கலாம். கெடாமலும் இருக்கலாம். அளக்காம எதுவும் சொல்லக் கூடாது" என்றார்.

பெட்ரோல் எப்படி என்ஜினுக்குப் போகிறது?

மேஸ்திரி தரையில் சுண்ணாம்புக் கட்டியால் படம் போட்டுக் காட்டினார்.

முதலில் பெட்ரோல் டாங்கி. டாங்கிக்குள்ளே பம்பு இருக்கிறது. அது பேட்டரி மின்சாரத்தில் ஓடும் சிறிய மோட்டார் பம்பு. பம்பின் வாயில் ஒரு சல்லடை உண்டு. அது பெரிய தூசியைத் தடுக்கும்.

பம்பு பெட்ரோலைக் குழாயில் தள்ளுகிறது. வழியில் ஒரு வடிகட்டி இருக்கிறது. இதை ஃபில்டர் என்கிறோம். நுண்ணிய அழுக்கும் துருவும் இதில் நின்றுவிடும்.

கடைசியில் இன்ஜெக்டர். இது பெட்ரோலைப் பனிபோல என்ஜினுக்குள் தூவும்.

பெட்ரோல் பனிபோல விழ வேண்டும் என்றால் அழுத்தம் வேண்டும். அழுத்தம் குறைந்தால் போதிய பெட்ரோல் போகாது. என்ஜினுக்குப் பசி தீராது. பாரம் ஏற்றி மேடு ஏறும்போது என்ஜினுக்கு அதிகப் பெட்ரோல் தேவை. அதனால் குறை முதலில் அங்கேதான் தெரியும்.

அழுத்தம் மிகவும் கூடினாலும் கெடுதல். பெட்ரோல் வீணாகும். கரும்புகை வரும்.

சரியான அளவில் வைப்பதற்கு ஒரு கருவி உண்டு. அதன் பெயர் ரெகுலேட்டர். சில வண்டிகளில் அது என்ஜின் பக்கத்தில் இருக்கும். சில வண்டிகளில் டாங்கிக்குள் பம்போடு சேர்ந்தே இருக்கும்.

அழுத்தத்தை எப்படிச் சொல்வது?

"மேஸ்திரி, பெட்ரோலை லிட்டரில் அளக்கிறோம். அழுத்தத்தை எதில் அளப்பது?" என்று மனைவி கேட்டார்.

"கிலோவில் சொல்வோம், அம்மா. சுண்டு விரல் நகத்தைப் பாரு. அது ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர். அந்த இடத்தில் ஒரு கிலோ எடை அமுக்கினால் ஒரு கிலோ அழுத்தம்."

இதையே வேறு அளவுகளிலும் சொல்வார்கள். பார் என்பது ஓர் அளவு. 1 பார் ஏறக்குறைய 1 கிலோ அழுத்தத்துக்குச் சமம். பி.எஸ்.ஐ. என்பது இன்னோர் அளவு. 1 கிலோ அழுத்தம் ஏறக்குறைய 14 பி.எஸ்.ஐ. ஆகும்.

கார் டயருக்குக் காற்று அடிக்கும்போது 30 என்கிறோம் அல்லவா? அது 30 பி.எஸ்.ஐ. அதாவது 2 கிலோவுக்குச் சற்று அதிகம்.

இன்ஜெக்டர் உள்ள பல பெட்ரோல் வண்டிகளில் பெட்ரோல் அழுத்தம் 2.5 கிலோவிலிருந்து 3.5 கிலோ வரை இருக்கும். 3 கிலோ அழுத்தம் என்பது எவ்வளவு? 30 மீட்டர் உயரத்தில் தண்ணீர்த் தொட்டி இருப்பதாக நினையுங்கள். பத்து மாடிக் கட்டடத்தின் உயரம் அது. அங்கிருந்து வரும் தண்ணீர் கீழே குழாயில் என்ன வேகத்தில் அடிக்கும்? அந்த வேகம்தான்.

ஆனால் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் பழுது பார்க்கும் புத்தகம் உண்டு. உங்கள் வண்டியின் அளவு அதில் அச்சாகி இருக்கும். அந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

மேஸ்திரி புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தைக் காட்டினார். மனைவி படித்தார்: "2.7 முதல் 3.1 வரை."

"அதை நோட்டில் எழுதிக்கொள், அம்மா" என்றார் மேஸ்திரி.

செலவில்லாத சோதனைகள் முதலில்

பிரஷர் கேஜை எடுப்பதற்கு முன் மேஸ்திரி நான்கு காரியங்கள் செய்தார்.

ஒன்று: டாங்கியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார். சிரிக்காதீர்கள். முள் தவறாகக் காட்டி ஏமாந்தவர்கள் பலர்.

இரண்டு: ஓட்டுநரைச் சாவியைத் திருப்பச் சொன்னார். ஸ்டார்ட் செய்யக் கூடாது. சாவியை ஆன் நிலையில் மட்டும் வைக்க வேண்டும். டாங்கி அருகே காதை வைத்தார். 'ங்ங்' என்று இரண்டு நொடி சத்தம் வந்து நின்றது. பம்பு ஓடுகிறது என்று அர்த்தம். ஆனால் சத்தம் வந்தால் மட்டும் போதாது. பம்பு ஓடலாம், அழுத்தம் இல்லாமலும் இருக்கலாம்.

மூன்று: ஃபியூஸ், ரிலே இரண்டையும் பார்த்தார். சத்தமே வராத வண்டியில் பல நேரம் கெட்டிருப்பது பம்பு அல்ல. சின்ன ஃபியூஸ்தான்.

நான்கு: என்ஜினை ஓடவிட்டு, பம்புக்கு வரும் மின்சாரத்தை மீட்டர் வைத்து அளந்தார். 13.5 வோல்ட் இருந்தது. நல்ல அளவு. வயர் துருப்பிடித்தால் இந்த அளவு குறையும். பம்பு மெதுவாகச் சுற்றும். அப்போது புதுப் பம்பு போட்டாலும் பயன் இல்லை.

கவனம்! பெட்ரோல் நெருப்பு

"இனிமேல் ஜாக்கிரதை. குழாயில் எப்போதும் அழுத்தம் நிற்கும். அப்படியே கழற்றினால் பெட்ரோல் பீறிட்டு அடிக்கும். சூடான என்ஜின் மேல் விழுந்தால் தீப்பிடிக்கும்" என்றார் மேஸ்திரி.

இந்த வேலையைப் பழகிய மெக்கானிக் மட்டுமே செய்ய வேண்டும். நாம் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். இந்த விதிகள் நடக்கின்றனவா என்று கவனிக்கலாம்:

- வண்டி காற்றோட்டமான இடத்தில் நிற்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில் தங்கும்.
- பீடி, சிகரெட், தீப்பெட்டி, வெல்டிங் எதுவும் அருகில் கூடாது.
- என்ஜின் ஆறி இருக்க வேண்டும்.
- தீயணைக்கும் கருவி அல்லது ஒரு வாளி மணல் பக்கத்தில் வேண்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ மிதந்து பரவும்.
- கண்ணாடி அணிய வேண்டும். கண்ணில் பெட்ரோல் தெறிக்கக் கூடாது.
- டாங்கியிலிருந்து பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்கக் கூடாது. நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

மேஸ்திரி முதலில் பம்பின் ஃபியூஸைக் கழற்றினார். என்ஜினை ஓடவிட்டார். குழாயில் இருந்த பெட்ரோல் தீர்ந்ததும் என்ஜின் தானே நின்றது. பிறகு பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றினார். என்ஜின் ஆறும்வரை காத்திருந்தார். இணைப்பைச் சுற்றித் துணி வைத்தார். மெல்லக் கழற்றினார். சில துளிகள் மட்டும் துணியில் ஊறின.

முள் நகர்கிறது

மேஸ்திரி குழாயின் நடுவில் மூன்று வாய் கொண்ட இணைப்பைப் பொருத்தினார். இரண்டு வாய் பெட்ரோல் போகும் வழிக்கு. மூன்றாவது வாயில் பிரஷர் கேஜ். பார்க்கக் கடிகாரம் போல இருந்தது. ஒரு முள், சுற்றிலும் எண்கள்.

ஃபியூஸ், பேட்டரி வயர் இரண்டையும் மறுபடி மாட்டினார். சாவியைத் திருப்பச் சொன்னார். எங்காவது கசிகிறதா என்று முதலில் பார்த்தார். கசிவு இல்லை.

"அம்மா, நீ முள்ளைப் பார்த்துச் சொல்லு" என்றார்.

"2.9, மேஸ்திரி."

"நல்லது. தம்பி, இப்போ ஸ்டார்ட் பண்ணு."

என்ஜின் மெதுவாக ஓடியது. முள் 2.8-இல் நின்றது.

"எனக்குச் சந்தோஷமா இருக்கு. பம்பு நல்லா இருக்குதானே?" என்றார் ஓட்டுநர்.

"அவசரப்படாதே. சும்மா நிற்கிற வண்டிக்குப் பெட்ரோல் கொஞ்சம்தான் வேணும். இப்போ ஆக்சிலேட்டரை நல்லா மிதி."

என்ஜின் உறுமியது. முள் கீழே இறங்கியது. 2.5... 2.2... 1.9!

"1.9 ஆயிடுச்சு, மேஸ்திரி!" என்று மனைவி சத்தமாகச் சொன்னார்.

"இதுதான் மேம்பாலத்துல நடந்தது" என்றார் மேஸ்திரி.

பிறகு என்ஜினை நிறுத்தினார்கள். முள் 2.8-க்குத் திரும்பியிருந்தது. ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள். முள் 2.6-இல் நின்றது. அதிகம் இறங்கவில்லை.

முள் சொல்லும் செய்தி

முள்ளின் எண்ணைப் படித்தால் மட்டும் போதாது. அது சொல்லும் செய்தியையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முள் அசையவே இல்லை: ஃபியூஸ், ரிலே, வயர், பம்பு மோட்டார் ஆகியவற்றில் ஏதோ ஒன்று கெட்டிருக்கலாம்.

எப்போதும் குறைவாகவே இருக்கிறது: பம்பு பலவீனமாக இருக்கலாம். ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம். சல்லடையோ ஃபில்டரோ அடைத்திருக்கலாம். மின்சாரம் குறைவாக வரலாம்.

நின்றால் சரி, மிதித்தால் இறங்குகிறது: வழியில் அடைப்பு இருக்கலாம். அல்லது பம்பு தேய்ந்திருக்கலாம்.

அளவுக்கு மேல் ஏறுகிறது: ரெகுலேட்டர் சிக்கியிருக்கலாம். அல்லது டாங்கிக்குத் திரும்பும் குழாய் அடைத்திருக்கலாம்.

என்ஜினை நிறுத்தியதும் சட்டென்று இறங்குகிறது: இன்ஜெக்டர் ஒழுகலாம். பம்பில் உள்ள வால்வு பிடிக்காமல் இருக்கலாம். இப்படிப்பட்ட வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அதிக நேரம் எடுக்கும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். சில வண்டிகளில் என்ஜின் சும்மா ஓடும்போது அழுத்தம் சற்றுக் குறைவாக இருக்கும். மிதித்ததும் கொஞ்சம் ஏறும். அது பழுது அல்ல. அந்த வண்டியின் அமைப்பே அப்படி. இதையும் புத்தகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஃபில்டரா? பம்பா?

"மிதித்தால் இறங்குது. ஃபில்டரா, பம்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"விலை குறைந்ததில் இருந்து ஆரம்பிக்கணும், தம்பி. ஃபில்டரை எப்போ மாத்தினே?"

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். மனைவி கணக்கு நோட்டைப் புரட்டினார்.

"மூணு வருஷமா நோட்டில் செலவு எல்லாம் எழுதியிருக்கேன். ஆயில் இருக்கு. டயர் இருக்கு. ஃபில்டர் எங்கேயும் இல்லை" என்றார்.

மேஸ்திரி வண்டியின் அடியில் இருந்த ஃபில்டரைக் கழற்றினார். பெட்ரோல் வந்த பக்கத்தை ஒரு தட்டில் கவிழ்த்தார். கறுப்பாக அழுக்கு கொட்டியது. துருவும் இருந்தது.

புதிய ஃபில்டரைப் பொருத்தினார். அதில் ஓர் அம்புக்குறி இருந்தது. பெட்ரோல் போகும் திசையை அது காட்டும். அதைப் பார்த்துத்தான் பொருத்த வேண்டும்.

மறுபடி அளந்தார்கள். மனைவி நோட்டில் எழுதினார்:

இருக்க வேண்டிய அளவு: 2.7 முதல் 3.1 வரை
பழைய ஃபில்டர், சும்மா ஓடும்போது: 2.8
பழைய ஃபில்டர், மிதித்தபோது: 1.9
புதிய ஃபில்டர், சும்மா ஓடும்போது: 2.9
புதிய ஃபில்டர், மிதித்தபோது: 2.9

பம்பு கெடவில்லை. ஃபில்டரும் கூலியும் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான் ஆயிற்று. மகளின் பணம் தப்பியது.

"புது ஃபில்டர் போட்ட பிறகும் முள் இறங்கியிருந்தால்?" என்று மனைவி கேட்டார்.

"அப்போ டாங்கியில் உள்ள சல்லடையைப் பார்ப்பேன். அதுவும் சுத்தமா இருந்தா பம்புதான் குற்றவாளி. அப்போ மாத்தித்தான் ஆகணும். அதுக்குச் செலவு செய்யத் தயங்கக் கூடாது. தெரிஞ்சு செலவு செய்றது வேற. தெரியாம செலவு செய்றது வேற" என்றார் மேஸ்திரி.

மற்ற வண்டிகளில் எப்படி?

கார்புரேட்டர் உள்ள பழைய பைக்கில் பொதுவாகப் பம்பு இருக்காது. டாங்கி மேலே இருக்கும். பெட்ரோல் தானாகவே கீழே இறங்கும்.

அம்பாசிடர் போன்ற பழைய கார்களில் டாங்கி பின்னால் தாழ்வாக இருந்தது. என்ஜின் சுழற்சியால் இயங்கும் சிறிய பம்பு பெட்ரோலை இழுத்தது. இந்த வகைப் பம்பின் அழுத்தம் அரைக் கிலோகூட வராது. 3 கிலோ கொடுத்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வழிந்துவிடும்.

2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்தது. அதன் பிறகு வந்த பெரும்பாலான பைக்குகளிலும் இன்ஜெக்டரும் மின்சாரப் பம்பும் இருக்கின்றன. ஆகவே இந்தப் பாடம் பைக் வைத்திருப்பவருக்கும் உதவும்.

டீசல் வண்டி வேறு வகை. அதில் பொதுவாக இரண்டு பம்புகள் வேலை செய்யும். ஒன்று டாங்கியிலிருந்து டீசலைக் கொண்டு வரும். அதன் அழுத்தம் குறைவு. மற்றது டீசலை மிக அதிக அழுத்தத்தில் தள்ளும். இன்றைய காமன் ரெயில் டீசல் என்ஜின்களில் அது 1,000 கிலோவைத் தாண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓடும் டீசல் என்ஜினில் இந்தக் குழாயைத் தளர்த்தக் கூடாது. கசிவைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசி போன்ற டீசல் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். முதலில் வலிகூட அதிகம் இருக்காது. ஆனால் விரலையே இழக்க நேரிடலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பம்பைக் காப்போம்

டாங்கியில் கால் பங்கு பெட்ரோலாவது எப்போதும் இருக்கட்டும். பம்பு ஓடும்போது சூடாகும். சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. முள் கீழே தொட்ட பிறகும் தினமும் ஓட்டினால் பம்பின் ஆயுள் குறையும்.

புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டரில் ஃபில்டரை மாற்றுங்கள். மாற்றிய தேதியை எழுதி வையுங்கள்.

ரப்பர் குழாய்களை அடிக்கடி பாருங்கள். 2023-ஆம் ஆண்டு முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. இதற்கென்று செய்யப்படாத பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்கள் சீக்கிரம் கெடலாம். வெடிப்போ கசிவோ தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

மறுநாள் விடியற்காலை. வண்டியில் தக்காளி ஏறியது. மேம்பாலம் வந்தது. ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி ஒரே மூச்சில் ஏறியது.

அன்று மாலை வீட்டில் மனைவி நோட்டில் ஒரு புதிய வரி எழுதினார்: "பெட்ரோல் ஃபில்டர் மாற்றியது." பக்கத்தில் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதினார்.

நினைவில் வைப்போம்

1. அளக்காமல் பம்பை மாற்றாதீர்கள்.
2. செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள்.
3. வண்டியின் புத்தகத்தில் உள்ள எண்ணே சரியான எண்.
4. பெட்ரோல் வேலையில் தீயை மறக்காதீர்கள்.
5. செய்த வேலையைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. மேம்பாலம் ஏறும்போது மட்டும் வண்டி ஏன் திணறியது?
2. பம்பின் சத்தம் கேட்டால் மட்டும் போதுமா? ஏன்?
3. குழாயைக் கழற்றும் முன் மேஸ்திரி என்னென்ன செய்தார்?
4. ஒரு வண்டிக்கு உரிய அளவு 2.7 முதல் 3.1 வரை. கேஜில் 4.0 காட்டுகிறது. என்ன பழுது இருக்கலாம்?
5. உங்கள் வீட்டு வண்டியில் அல்லது பக்கத்து வீட்டு வண்டியில் ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? கேட்டு எழுதுங்கள்.